அம்பெர்ட் கோட்டையை எந்த வரிசையில் பார்ப்பது

ஆர்மீனியாவின் அம்பெர்ட் கோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டியை நிறுத்தியதும் நேராகக் கோட்டைச் சுவருக்கு ஏறுவார்கள், உச்சியில் நின்று படம் எடுப்பார்கள், நேரம் மிஞ்சினால் கீழே இருக்கும் தேவாலயத்தை எட்டிப் பார்ப்பார்கள். வரலாறு புரிய வேண்டுமென்றால் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். கோட்டைச் சுவர் பல நூற்றாண்டுகளாக ஆளாளுக்கு உயர்த்தியது, இடித்தது, ஒட்டுப்போட்டது. அதை முதலில் பார்த்தால் இது வெறும் கற்குவியல்தானே என்று தோன்றும். தேவாலயத்தில் ஆண்டும் கட்டியவர் பெயரும் இருக்கின்றன. அந்த ஆண்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினால், எதை எதோடு ஒப்பிடுவது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

ஆகவே வரிசை இது: கோட்டைக்குப் போகும் வழியிலுள்ள பியூரகான் ஊரில் அரை மணி நேரம், தேவாலயத்தில் ஒரு மணி நேரம், குளியல் கூடத்தில் கால் மணி நேரம், கடைசியில் கோட்டை.

புறப்படும் முன் மனதில் இருக்க வேண்டியவை

கோட்டை நிற்பது அரகாட்ஸ் மலையின் தெற்குச் சரிவில், ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில். அர்காஷென், அம்பெர்ட் என்ற இரண்டு மலையாறுகள் சேரும் இடத்துக்கு மேலே, இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே மூக்குபோல் நீண்ட பாறைமேடு. மலைச்சிகரம் வடக்கே, அராரத் மலை தெற்கே.

7ஆம் நூற்றாண்டில் கம்சரகான் என்ற பிரபுக் குடும்பம் இங்கே கோட்டை கட்டியது என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. 10ஆம் நூற்றாண்டுக்குப் பின் பஹ்லவுனி குடும்பத்தின் கைக்கு வந்தது. அப்போது ஆர்மீனியாவின் தலைநகர் அனி, ஆண்டது பக்ரதுனி அரச மரபு. பஹ்லவுனிகள் அந்த அரசின் படைத்தலைவர்கள். இளவரசர் வஹ்ராம் பஹ்லவுனி 1026இல் தேவாலயத்தைக் கட்டினார். 1045இல் அனி பைசாந்தியர் கைக்குப் போனது. அதே ஆண்டு த்வின் நகருக்கு எதிரான போரில் வஹ்ராம் இறந்தார். 1064இல் செல்ஜூக் துருக்கியர் அனியைப் பிடித்தார்கள், 1070களில் அம்பெர்டும் விழுந்தது. 1196இல் ஜார்ஜிய அரசி தமாரின் படைத்தலைவர்களான ஜகார்யான் சகோதரர்கள் மீட்டார்கள். 1215இல் வாச்சே வாச்சுத்யான் என்ற பிரபு கோட்டையை விலைக்கு வாங்கினார். 1236இல் மங்கோலியர் வந்தார்கள்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். 11ஆம் நூற்றாண்டு வஹ்ராமின் பெயரோடு 'வாச்சுத்யான்' என்பதையும் ஒட்டி எழுதியிருப்பதை இணையத்தில் நிறையப் பார்க்கலாம். குறிப்பெடுக்கும்போது தேவாலயம் பஹ்லவுனி, 1215க்குப் பின் வாச்சுத்யான் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரு நூற்றாண்டு இடைவெளியுள்ள இரண்டு குடும்பங்கள் ஒன்றாகிவிடும்.

எப்போது, எப்படி

ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். குளிர்காலத்தில் பனி பாதையை மூடிவிடும், சில ஆண்டுகளில் மே மாதம்கூட முழுதாகத் திறந்திருக்காது. இன்றைய தலைநகர் யெரெவான் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம், கோட்டை 2,300. நகரத்தில் 30 டிகிரி என்றால் மேலே 21, 22தான் இருக்கும். மேட்டின் மேல் காற்று வேறு. கோடையிலும் காற்றுத் தடுக்கும் மேலங்கி வேண்டும். கோடைப் பிற்பகல்களில் இடிமழை திரளும் மலை இது. திறந்த மேட்டில் உயரமாக நிற்பவை கோட்டையும் நீங்களும்தான், எனவே காலை ஒன்பது, பத்து மணிக்குள் மேலே இருப்பதுபோல் கிளம்புவது நல்லது. அராரத் தெளிவாகத் தெரிவதும் காலையில்தான்.

யெரெவானிலிருந்து அஷ்டராக், அங்கிருந்து பியூரகான், அதற்கு மேலே மலைப்பாதை. மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர். பியூரகான் வரை மினி பஸ் உண்டு, கோட்டைக்குப் பொதுப் போக்குவரத்து கிடையாது. பியூரகானுக்கு மேலே பாதை காரி ஏரியை நோக்கி ஏறும். அந்த ஏரி 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழியில் இடப்பக்கம் பிரியும் கிளைதான் அம்பெர்டுக்குப் போகும். அதைத் தவறவிட்டால் ஏரிக்கரை வரை போய்த் திரும்ப வேண்டியதுதான்.

டாக்சியில் போனால் போக, காத்திருக்க, திரும்ப என்று மூன்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே பேசி முடியுங்கள். செயலியில் ஒருவழிப் பயணம் பிடித்துப் போய் இறங்கிவிட்டால், திரும்புவதற்கு அந்த மேட்டுக்கு வண்டி வருமென்று எதிர்பார்க்க முடியாது. காத்திருக்கும் நேரம் மூன்று மணி என்று சொல்லுங்கள். ஓட்டுநர்கள் வழக்கமாக நினைப்பது நாற்பது நிமிடம்.

நடந்து ஏறுகிறவர்களுக்கு பியூரகானிலிருந்து புல்வெளி வழியாகப் பாதை இருக்கிறது. ஏற்றம் ஏறக்குறைய 800 மீட்டர். கோடையில் மேய்ப்பர்கள் மந்தையோடு மேலே தங்குவார்கள், அவர்களுடைய காவல்நாய்கள் பெரியவை. மந்தைக்கு நடுவே புகாமல் தள்ளிச் சுற்றிப் போங்கள். நாய் ஓடி வந்தால் நீங்கள் ஓடாதீர்கள். நின்று மேய்ப்பரைக் கூப்பிடுங்கள். வெயில் ஏறியபின் கற்குவியல்களில் விரியன் பாம்பும் இருக்கும். கணுக்காலை மூடும் காலணி போடுங்கள், பார்க்காத இடுக்கில் கை வைக்காதீர்கள்.

பியூரகானில் கண்ணைப் பழக்குவது

பியூரகான் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1946இல் விக்தர் அம்பர்த்சுமியான் நிறுவிய வானாய்வகம். நமக்கு வேண்டியது ஊரையொட்டியுள்ள அர்தவாசிக் என்ற சிறிய தேவாலயம். 7ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் மணிக்கூண்டு மட்டும் 13ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. அம்பெர்டைப் பற்றி 7ஆம் நூற்றாண்டு, 13ஆம் நூற்றாண்டு என்ற இரண்டு பேச்சும் அடிபடுவதால், இரண்டையும் ஒரே கட்டடத்தில் பார்த்துவிட்டுப் போவது பெரிய வசதி.

கூண்டின் கல்லையும் கீழ்ச்சுவர்க் கல்லையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கல்லின் அளவு, வரிசைகளின் உயரம், இரண்டு கற்கள் சேரும் கோட்டின் தடிமன், ஓரத்தில் உளி பட்ட தடம் ஆகிய நான்கையும் நெருக்கத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுக்காக ஒரு பேனாவையோ சாவியையோ சுவரை ஒட்டிப் பிடியுங்கள். மேலே போனபின் நினைவை நம்புவதைவிட இந்தப் படங்கள் உதவும்.

தேவாலயம்: ஆண்டைக் கண்டுபிடிப்பது

சூர்ப் அஸ்த்வத்சாத்சின், அதாவது தேவமாதா ஆலயம். கட்டியவர் பெயரால் வஹ்ராமாஷென் என்றும் சொல்வார்கள். கோட்டைக்குத் தெற்கே, சற்றுத் தாழ்வான இடத்தில் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நீள்சதுரப் பெட்டி. உள்ளே போனால் சிலுவை வடிவம். சிலுவையின் நான்கு மூலைகளிலும் இரண்டடுக்குச் சிற்றறைகளை அடக்கி வெளியே சமப்படுத்திவிட்டார்கள். மேலே குவிமாடத்தைத் தாங்கும் பன்னிரண்டு முகம் கொண்ட கழுத்து, அதன்மேல் மடிப்பு மடிப்பாக விரித்த குடைபோன்ற கூம்பு.

பலிபீடம் இருக்கும் பக்கம் கிழக்கு. செல்பேசித் திசைகாட்டி தடுமாறினாலும் இதை நம்பலாம்.

வாசலுக்கு மேல் கல்வெட்டு இருக்கிறது. இடைக்கால ஆர்மீனியக் கல்வெட்டுகளில் எண்களுக்குத் தனிக் குறி இல்லை, எழுத்துகளே எண்கள். அகரவரிசையின் முதல் ஒன்பது எழுத்துகள் 1 முதல் 9, அடுத்த ஒன்பது 10 முதல் 90, அதற்கடுத்த ஒன்பது 100 முதல் 900. மதிப்பைக் குறித்த அகரவரிசை அட்டவணை ஒன்றைப் புறப்படும் முன்பே செல்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னலை நம்ப முடியாது.

படிக்கும் முறை இப்படி:

1. முதலில் 'தோ', 'வெவ்' என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து நிற்கும் இடத்தைத் தேடுங்கள். ஆண்டைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம் அது. சுருக்கம் என்பதைக் காட்ட மேலே ஒரு கிடைக்கோடு இருப்பது வழக்கம்.

2. அதையடுத்து வரும் எழுத்துகளின் மதிப்பைக் கூட்டுங்கள். 'நு' 400, 'ஹோ' 70, 'யெச்' 5, ஆக 475.

3. கிடைத்த எண்ணோடு 551ஐக் கூட்டுங்கள். 475 + 551 = 1026.

ஏன் 551 என்றால், ஆர்மீனிய ஆண்டுக்கணக்கு கி.பி. 552 ஜூலை 11இல் தொடங்குகிறது. அந்த ஆண்டுக்குச் சரியாக 365 நாள்தான், லீப் நாள் கிடையாது. அதனால் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் புத்தாண்டு முன்னால் நகர்ந்துகொண்டே வந்தது. 475ஆம் ஆண்டு தொடங்கியபோது ஏறக்குறைய நான்கு மாதம் நகர்ந்து, புத்தாண்டு மார்ச் நடுவில் வந்து நின்றது. அதாவது கல்வெட்டில் உள்ள 475 என்பது 1026 மார்ச்சிலிருந்து 1027 மார்ச் வரை. ஆண்டை மட்டும் சொன்னால் 1026 போதும். மாதமும் குறித்திருக்கும் கல்வெட்டுகளில் இந்த நகர்வைக் கவனிக்காவிட்டால் ஓராண்டு தவறும்.

எழுத்து மங்கலாக இருந்தால் நேரே ஒளி அடிக்காதீர்கள், பள்ளமும் மேடும் ஒன்றாகத் தட்டையாகிவிடும். ஒருவர் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிக்க, இன்னொருவர் படமெடுக்க வேண்டும். இடது, வலது, மேல் என்று மூன்று படம் எடுத்தால் ஒன்றில் தெரியாத கோடு மற்றொன்றில் தெரியும். சாக்பீஸ் தடவுவது, தண்ணீர் தெளிப்பது இரண்டும் கூடாது. சாக்பீஸ் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். ஈரமோ இரவுக் குளிரில் உறைந்து, ஏற்கெனவே தளர்ந்த மேற்பரப்பை உதிர்த்துவிடும்.

அடுத்து சுவரைப் பாருங்கள். இடைக்கால ஆர்மீனியக் கட்டடங்களின் அடிப்படை முறை இங்கே நன்றாகத் தெரியும். வெளியே ஒரு கல் தோல், உள்ளே ஒரு கல் தோல், நடுவே உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்து கெட்டித்த கூழ். பாரத்தைச் சுமப்பதில் பெரும்பங்கு அந்த நடுப்பகுதிக்கு. முகக்கற்களின் முன் விளிம்புகள் ஒன்றோடொன்று மயிரிழையாக ஒட்டும்படி செதுக்கப்பட்டிருக்கும்; பின்பக்கம் ஒடுங்கியிருப்பதால் சாந்து இடையில் புகுந்து பிடிக்கும். முன்னால் சாந்து தெரியவே தெரியாது, சாந்தில்லாமல் அடுக்கியது என்று பலர் நினைப்பதற்குக் காரணம் இதுதான். ஆர்மீனியா முழுவதும் முகக்கல் எல்லாம் உரிந்துபோன பிறகும் நடுப்பகுதி மட்டும் தனியாக நிற்கும் இடிபாடுகளைப் பார்க்கலாம். ஊர்க்காரர்களும் முகக்கல்லைத்தான் வீடு கட்ட எடுத்துப் போவார்கள், அது செதுக்கித் தயாராக இருக்கும்.

வஹ்ராமின் கை எப்படிப்பட்டது என்று மேலும் பார்க்க விரும்பினால் கியூம்ரி நகருக்கு அருகிலுள்ள மர்மாஷென் மடம் இருக்கிறது. 988இல் தொடங்கி 1029இல் முடிந்த அதன் பெரிய ஆலயமும் அவர் கட்டியதே. அதே தலைமுறையில் கிரிகோர் மாகிஸ்த்ரோஸ் பஹ்லவுனி 1031இல் கட்டிய ஆலயம் பிஜ்னி ஊரில் நிற்கிறது.

குளியல் கூடம்

தேவாலயத்துக்கும் கோட்டைக்கும் இடையில் குட்டையான, குவிமாடம் போட்ட இரண்டறைக் கட்டடம். பெரும்பாலோர் இதைக் களஞ்சியம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். தரைமட்டத்தைப் பாருங்கள்: தளம் குட்டைத் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தப்பட்டு, அடியில் சூடான புகையும் காற்றும் ஓட வழிவிட்டிருந்தது. ரோமானியக் குளியல் கூடங்களின் அதே உத்தி. ஆர்மீனியாவிலேயே கார்னியில் இருக்கும் 3ஆம் நூற்றாண்டுக் கூடத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். இப்படிப்பட்ட கூடம் அம்பெர்டில் இருப்பது ஒன்றைச் சொல்கிறது: ஆபத்துக்கு மட்டும் ஓடி ஒளியும் இடமாக இது இல்லை, குடும்பமும் பணியாளர்களும் வசதியாக வாழ்ந்த மாளிகை.

தண்ணீர் மேலே மலையிலிருந்து சுடுமண் குழாய்களில் வந்தது. முற்றுகையில் முதலில் அறுபடுவதும் அந்தக் குழாய்தான், ஏனென்றால் அது மதிலுக்கு வெளியே, எதிரி முகாமிடும் பக்கமாகவே வர வேண்டியிருந்தது. அதனால்தான் அர்காஷென் பள்ளத்தாக்குக்கு இறங்கி நீர் மொள்ள மறைவான வழியும் வைத்திருந்தார்கள். அதைத் தேடிச் சரிவில் இறங்காதீர்கள். உதிரிக்கல் நிறைந்த செங்குத்துச் சரிவு, மேலிருந்து பார்த்து எப்படிப் போயிருக்கும் என்று ஊகித்தாலே போதும்.

கோட்டை

இப்போது மேலே போகலாம். முதலில் சுவரைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி நின்று நிலத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு, தெற்கே நுனி. படை வரக்கூடிய ஒரே பக்கம் மலை ஏறிப்போகும் வடக்கு. கோட்டை மேட்டின் நடுவில் இல்லாமல் அந்த வடக்குக் கழுத்தை அடைத்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அதுதான். தேவாலயமும் குளியல் கூடமும் அதன் முதுகுக்குப் பின்னால் பாதுகாப்பாக இருக்கின்றன. இதிலேயே பலவீனமும் இருக்கிறது: தாக்குகிறவன் மேட்டில் நிற்கிறான், காக்கிறவன் தாழ்வில். கொத்தளங்களை அரைவட்டமாக உருட்டியதும் தடிமனாக்கியதும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான். சதுரக் கொத்தளத்தில் மூலைக்கல்லைப் பெயர்த்தால் சரிந்துவிடும். வளைவில் பெயர்க்க மூலை இல்லை, மேலே நிற்பவன் கண்ணுக்கு மறைவான இடமும் குறைவு.

கல் வேலை தேவாலயத்திலிருந்து முற்றிலும் வேறு. முரட்டு பசால்ட் கற்களைச் சுமாராகத் தட்டி, சுண்ணாம்புச் சாந்தைத் தாராளமாகக் கொட்டி ஏற்றியிருக்கிறார்கள். 'முரடாக இருந்தால் பழையது, நேர்த்தியாக இருந்தால் புதியது' என்று இங்கே முடிவுகட்டுவதுதான் எல்லோரும் விழும் பள்ளம். முரடு, நேர்த்தி என்பது பயன்பாட்டையும் செலவையும் காட்டுமே தவிர காலத்தைக் காட்டாது. இன்று கண்ணில் படும் சுவரில் பெரும்பகுதி 10ஆம் நூற்றாண்டுக்கும் 13ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. 'இது 7ஆம் நூற்றாண்டுக் கோட்டை' என்று யாராவது சொன்னால் இடத்தின் தொடக்கத்தைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காலத்தை ஊகிக்க வேண்டுமென்றால் தையல்களைத் தேடுங்கள். ஒரு சுவர் இன்னொன்றோடு கற்கள் மாறி மாறிப் பின்னிச் சேர்ந்திருந்தால் இரண்டும் ஒரே காலம். நேர்க்கோட்டுப் பிளவாக மேலிருந்து கீழ்வரை வெறுமனே ஒட்டி நின்றால் ஒன்று பின்னால் சேர்த்தது. எது எதன்மேல் சாய்ந்திருக்கிறதோ அது பிந்தியது. பெரிய மதிலைவிட உள்ளறைகளின் குறுக்குச் சுவர்களில் இது தெளிவாகத் தெரியும்.

புதிதாகப் பழுதுபார்த்த பகுதியைக் கழிக்காமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். 1936இல் ஆய்வாளர் ஓர்பெலி தலைமையில் அகழாய்வு தொடங்கியதிலிருந்து பலமுறை கைவைத்திருக்கிறார்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை. அதில் முழுதாக நீறாத சுண்ணாம்புக் கட்டி புள்ளி புள்ளியாகத் தெரியும். சிமெண்ட் ஒரே சீரான சாம்பல் நிறம். இன்னொரு அடையாளம் கற்பாசி. பழைய கல்லில் ஆரஞ்சும் சாம்பலுமாக வட்ட வட்டமாகப் படர்ந்திருக்கும். அந்த வட்டங்கள் ஒரு கோட்டில் சட்டென்று நின்று, அதற்கு மேல் கல் வழுவழுவென்று இருந்தால் அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளது அண்மைக்கால வேலை.

உள்ளே நுழைய அனுமதி இருந்தால் (பழுதுபார்ப்பு நடக்கும்போது அடைத்திருப்பார்கள், வேலியைத் தாண்டாதீர்கள்) உத்தரக் குழிகளை எண்ணுங்கள். சுவரில் ஒரே மட்டத்தில் வரிசையாக இருக்கும் சதுரத் துளைகள் மரத்தளத்தின் உத்தரங்கள் செருகியவை. மாளிகை மூன்று அடுக்கு, அடுக்குக்கு ஐந்து அறை, பரப்பு ஏறக்குறைய 1,500 சதுர மீட்டர். மரத்தளங்கள் போய்விட்டதால் இன்று நீங்கள் நிற்பது கீழ்த்தளத்தில், தலைக்கு மேலே வானம். ஒழுங்கில்லாமல் அங்கங்கே சிதறியிருக்கும் சிறு துளைகளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், அவை கட்டும்போது சாரம் கட்டியவை. சன்னல்களின் அகலத்தையும் பாருங்கள். கீழே குறுகலாகவும் மேலே போகப் போக வசதியாகவும் இருந்தால் பிரபு வாழ்ந்தது மேல்மாடி என்று புரியும்.

சுவர் உச்சியில் ஏறுவது வேண்டாம். கூரை இல்லாத சுவரில் மழைநீர் நடுவிலுள்ள கூழுக்குள் நேராக இறங்கும், குளிர்காலத்தில் உறைந்து விரியும், இளவேனிலில் உருகித் தளரும். இப்படி நூற்றுக்கணக்கான குளிர்காலங்கள் பார்த்த சுவர் அது. மேலே கெட்டியாகத் தெரியும் கல்லுக்கு அடியில் பிடிப்பு இருக்காது.

அதே நாளில் இன்னொன்று

நேரம் இருந்தால் திரும்பும் வழியில் தெகெர் மடத்துக்குப் போங்கள். 1215இல் அம்பெர்டை வாங்கிய வாச்சே வாச்சுத்யானின் மனைவி மாமாகாத்தூன் கட்டுவித்தது, 1213 தொடங்கி 1232 வரை வேலை நடந்தது. கருமையான பசால்டில் எழுப்பிய ஆலயத்தையும் முன்மண்டபத்தையும் பார்த்தால் 13ஆம் நூற்றாண்டுக் கல் வேலை எப்படியிருக்கும் என்பதற்கு உறுதியான அளவுகோல் கிடைக்கும். வாச்சேயும் மாமாகாத்தூனும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கசாக் பள்ளத்தாக்கு விளிம்பில் வாச்சே கட்டிய சக்மோசவாங்கின் சீயோன் ஆலயமும் 1215தான், கோட்டையை வாங்கிய அதே ஆண்டு. பக்கத்திலுள்ள ஹொவ்ஹான்னவாங்கின் பெரிய ஆலயம் 1216இலிருந்து 1221க்குள் எழுந்தது. மூன்றையும் ஒரே நாளில் திணிக்க முயன்றால் ஒன்றும் மனதில் நிற்காது. அம்பெர்டோடு தெகெரை மட்டும் சேர்த்து, மற்ற இரண்டையும் இன்னொரு நாளுக்கு ஒதுக்குங்கள்.